தூண்டில் மடல்களின் வரலாறு

மீன் பிடிக்கச் செல்வோன் வெறும் முள்ளை நீரில் இடுவதில்லை. முள்ளை மறைப்பதற்கு இரை வேண்டும். அந்த இரையும் அந்தந்த மீன் விரும்பும் இரையாக இருத்தல் வேண்டும். இணையத்தின் வழியாகவும் தொலைபேசியின் வழியாகவும் இன்று நடைபெறும் ஒருவகை வஞ்சகத்துக்கு ஆங்கிலத்தில் ‘ஃபிஷிங்’ என்று பெயர் வழங்குகிறது. எழுத்தில் சிறிது மாற்றினாலும், ஒலியில் அது மீன் பிடித்தல் என்னும் சொல்லே. வங்கியின் பெயரால் மடல் வருகிறது. காவல் துறையின் பெயரால் அழைப்பு வருகிறது. மின்வாரியத்தின் பெயரால் குறுஞ்செய்தி வருகிறது. பெயர் அவர்களுடையது; கை வேறொருவனுடையது.

இப்பெயர் தோன்றி முப்பது ஆண்டுகள்தாம் ஆகின்றன. ஆனால் இச்செயல் மிகப் பழையது. பிறருடைய முகத்தை இரவல் வாங்கிப் பொருள் கவர்ந்த வரலாற்றைச் சற்றுப் பின்னோக்கிப் பார்த்தால், இன்றைய மோசடி எதுவும் புதிதன்று என்பது தெற்றென விளங்கும். பழைய முகத்தை அறிந்தவர்களுக்குப் புதிய வேடத்தை அடையாளம் காண்பது எளிது. அதன் பொருட்டே இந்த உரை.

விசாகதத்தர் இயற்றிய ‘முத்ராராட்சசம்’ என்னும் வடமொழி நாடகத்திலிருந்து தொடங்கலாம். நந்தர்களின் அமைச்சனான ராட்சசனை வெல்ல நினைக்கிறான் சாணக்கியன். ராட்சசனுடைய முத்திரை மோதிரம் ஒற்றன் ஒருவன் வழியாக அவன் கைக்கு வந்து சேர்கிறது. உடனே அவன் சூழ்ச்சியாக ஒரு மடலை எழுதச் செய்கிறான். எழுதியவர் பெயரோ பெறுபவர் பெயரோ அதில் இல்லை. அதன்மேல் ராட்சசனின் முத்திரை மட்டும் பதிக்கப்படுகிறது. மடல் மலயகேதுவின் கையில் அகப்படுகிறது. முத்திரையைக் கண்ட அவன், தன் நண்பனான ராட்சசனையே துரோகி என்று எண்ணித் தள்ளிவிடுகிறான். இது நாடகம், வரலாறு அன்று. ஆயினும் அக்காலத்து அரசியல் அறிவை இதிலிருந்து அறிகிறோம். மோதிரம் யாரிடம் இருக்கிறதோ அவனே மோதிரத்துக்கு உரியவன் என்று உலகம் நம்பிற்று. இன்று நம் கைப்பேசிக்கு வரும் ஆறிலக்க ஓ.டி.பி. எண் அந்த முத்திரை மோதிரமே. அதைக் கொடுத்தவன் தன் பெயரையே கொடுத்தவன் ஆகிறான்.

வரலாற்றில் இதற்கு நிகரான நிகழ்ச்சி 1757 ஆம் ஆண்டில் வங்கத்தில் நடைபெற்றது. நவாப் சிராஜ் உத் தௌலாவைக் கவிழ்க்கும் சதியில் ஓமிச்சந்த் என்னும் பெருவணிகருக்கும் பங்கிருந்தது. மறைபொருளை வெளியிடாதிருக்கத் தமக்குப் பெருந்தொகை வேண்டும் என்றார் அவர். ஆர்க்காட்டு முற்றுகையில் பெயர் பெற்று, சென்னையிலிருந்து வங்கம் சென்றிருந்த ராபர்ட் கிளைவ் இரண்டு உடன்படிக்கைகளை எழுதச் செய்தார். வெள்ளைத் தாளில் எழுதியது மெய்யானது. அதில் ஓமிச்சந்தின் பெயரே இல்லை. செந்தாளில் எழுதியது பொய்யானது. அதில் அவருக்கு 20 லட்சம் ரூபாய் தருவதாகக் கண்டிருந்தது. கடற்படைத் தலைவர் வாட்சன் பொய்த்தாளில் கையெழுத்திட மறுத்தார். அவருடைய கையெழுத்தை வேறொருவர் கொண்டு இடச்செய்தார் கிளைவ். பிளாசிப் போர் முடிந்த பிறகே செந்தாள் வெறுந்தாள் என்பது ஓமிச்சந்துக்குத் தெரிந்தது. அவர் பேதையல்லர், கணக்கிலும் பேரத்திலும் கைதேர்ந்தவர். தாம் விரும்பிய தொகை தாளில் இருந்தது. தாம் மதித்த கையெழுத்தும் இருந்தது. அதனால் அதற்கப்பால் அவர் எதையும் வினவவில்லை.

இவையெல்லாம் அரசர்களையும் செல்வர்களையும் வீழ்த்திய சூழ்ச்சிகள். சாதாரணக் குடும்பத்தின் வாயிலுக்கு வஞ்சகம் வந்து சேர்வதற்கு மலிவான அஞ்சல் வேண்டியிருந்தது. பாரிசு நகரத்துத் துப்பறியும் துறையின் தலைவராக இருந்த விதோக் என்பவர், முன்னாளில் தாமே சிறையில் இருந்தவர். 1828 இல் வெளிவரத் தொடங்கிய தம் நினைவுக் குறிப்புகளில், சிறைவாசிகள் எழுதிய ‘ஜெருசலேம் மடல்கள்’ என்பனவற்றை அவர் விவரித்திருக்கிறார். புரட்சிக்கு அஞ்சி ஓடிய பிரபு ஒருவரின் பணியாள் எழுதுவது போல அம்மடல் அமையும். பொன்னும் மணியும் நிறைந்த பேழை ஓரிடத்தில் மறைந்து கிடப்பதாகவும், அதை மீட்கச் சிறுதொகை அனுப்பினால் பங்கு கிடைக்கும் என்றும் அதில் கண்டிருக்கும். நூறு மடல் விடுத்தால் இருபதுக்கு விடை வந்தது என்கிறார் விதோக். பின்னர் இதே மடல், ஸ்பெயின் நாட்டுச் சிறையில் வாடும் செல்வர் ஒருவரின் கதையாக உருமாறிக் கடல் கடந்தது. 1898 ஆம் ஆண்டிலேயே அமெரிக்கப் பத்திரிகைகள் இதனைப் பழைய மோசடி என்று குறிப்பிட்டு எச்சரித்தன. 1980களுக்குப் பின் நைஜீரியாவின் பெயரால் உலகெங்கும் பறந்த மடல்களும் இதன் வழித்தோன்றல்களே. அந்நாட்டுச் சட்டத்தின் 419 ஆம் பிரிவைக் கொண்டு அவற்றை ‘419 மோசடி’ என்றே அழைத்தனர். நம் நாட்டில் 1860 ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டத்திலும் 419 ஆம் பிரிவு ஆள்மாறாட்ட வஞ்சகத்தையே தண்டித்தது என்பது வியப்பான ஒற்றுமை. 2024 ஜூலை முதல் நாளிலிருந்து அதன் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதாவின் 319 ஆம் பிரிவு நடைமுறைக்கு வந்திருக்கிறது.

இந்த மடல்களை எல்லாம் ஒருங்கே வைத்து நோக்கினால் அவற்றில் மூன்று உறுப்புகள் மாறாமல் இருக்கக் காண்கிறோம். முதலாவது, நாம் மதிக்கும் ஒருவரின் அல்லது ஓர் அலுவலகத்தின் பெயர். இரண்டாவது, இப்போதே செய்ய வேண்டும் என்னும் அவசரம். மூன்றாவது, வேறு எவரிடமும் சொல்லாதே என்னும் இரகசியக் கட்டளை. இரை ஆசையாக இருக்கலாம், அச்சமாகவும் இருக்கலாம், சிலவேளை நாட்டுப்பற்றாகவும் இருக்கலாம். இவ்வுறுப்புகள் மூன்றும் ஒருங்கே அமைந்த நிகழ்ச்சி ஒன்று நம் தலைநகரத்திலேயே நடந்தது.

1971 மே 24 ஆம் நாள். கிழக்கு வங்கத்தில் கொந்தளிப்பு நிகழ்ந்து, அகதிகள் இலட்சக்கணக்கில் இந்தியாவுக்குள் வந்துகொண்டிருந்த நேரம். புதுதில்லி நாடாளுமன்றச் சாலையிலுள்ள பாரத ஸ்டேட் வங்கியின் தலைமைக் காசாளர் வேத் பிரகாஷ் மல்ஹோத்ராவுக்கு ஒரு தொலைபேசி அழைப்பு வந்தது. பேசியவர் தம்மைப் பிரதமரின் செயலாளர் ஹக்சர் என்று அறிவித்துக்கொண்டார். வங்கதேசம் தொடர்பான இரகசியப் பணிக்கு 60 லட்சம் ரூபாய் உடனே வேண்டும் என்றார். காசாளர் தயங்கவே, பிரதமரே பேசுவது போன்ற குரல் தொடர்ந்து ஒலித்தது. பணத்தை எங்கே கொண்டுவர வேண்டும் என்பதும், வந்து பெறுவோன் கூற வேண்டிய குறிச்சொல்லும், அதற்குரிய மறுசொல்லும் தெரிவிக்கப்பட்டன. பற்றுச்சீட்டைப் பின்னர்ப் பிரதமர் இல்லத்தில் பெற்றுக்கொள்ளலாம் என்றும் சொல்லப்பட்டது.

மல்ஹோத்ரா பணத்தைப் பெட்டியில் வைத்து எடுத்துச் சென்றார். குறிச்சொல் பொருந்தியது. பெட்டி கைமாறியது. பற்றுச்சீட்டுக்காகப் பிரதமர் இல்லத்துக்குச் சென்ற பிறகுதான், அங்கிருந்து அத்தகைய அழைப்பு எதுவும் செய்யப்படவில்லை என்பது அவருக்குத் தெரியவந்தது. பணத்தைப் பெற்றுச் சென்ற நகர்வாலா என்னும் முன்னாள் இராணுவ அலுவலர் அன்றே கைது செய்யப்பட்டார்; தொகையில் பெரும்பகுதி மீட்கப்பட்டது. குரலை மாற்றிப் பேசியவர் தாமே என்று அவர் ஒப்புக்கொண்டதன் பேரில், சில நாட்களிலேயே நான்கு ஆண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. பின்னர் அவர் மறு விசாரணை கோரினார்; 1972 மார்ச்சில் காவலில் இருக்கும்போதே காலமானார். பிற்காலத்தில் நீதிபதி ஜகன்மோகன் ரெட்டி தலைமையில் ஆணையம் ஒன்றும் இவ்வழக்கை ஆராய்ந்தது. மக்கள் மனத்தில் எழுந்த ஐயங்கள் முற்றும் தீர்ந்தபாடில்லை. அவ்வையங்கள் எவ்வாறாயினும், வழக்கில் பதிவான நிகழ்ச்சிகள் நமக்கு ஒரு பாடத்தைத் தருகின்றன.

அந்தக் காசாளர் அனுபவமற்றவர் அல்லர். நாட்டின் முதன்மையான வங்கியொன்றில் பெருந்தொகைகளை நாள்தோறும் கையாண்டவர். அவரை வீழ்த்தியது அறியாமை அன்று; கேட்ட பெயரின்மேல் இருந்த மதிப்பும், நாட்டுக்கு உதவுகிறோம் என்னும் உணர்ச்சியுமே. பணம் கொடுத்த பின் பிரதமர் இல்லத்துக்கு அவர் சென்றாரே, அந்தப் பயணத்தைப் பணம் கொடுப்பதற்கு முன் செய்திருந்தால், அல்லது அழைப்பைத் துண்டித்துவிட்டு அலுவலகத்தின் எண்ணுக்குத் தாமே ஒருமுறை அழைத்திருந்தால், அன்றைய தினம் வரலாற்றில் இடம்பெற்றிராது. வந்த வழியிலேயே விடை சொல்லாமல், வேறு வழியாகச் சென்று கேட்டுத் தெளிதல் என்பதே இவ்வகை மோசடிக்கு மாற்று. வள்ளுவர் பெருமான் ‘தெரிந்து தெளிதல்’ என்று ஓர் அதிகாரமே வகுத்தார் அல்லவா? ஆராய்ந்த பிறகே நம்பிக்கை என்னும் அந்த முறையை இங்கே நினைவு கூரலாம்.

இனி இணையத்துக்கு வருவோம். மின்னஞ்சலை ஒரு கணினியிலிருந்து மற்றொரு கணினிக்குக் கொண்டுசெல்லும் விதிமுறை 1982 இல் வெளியிடப்பட்டது. ஒருவரையொருவர் அறிந்த ஆராய்ச்சியாளர்களிடையே பயன்பட்ட ஏற்பாடு அது. ஆகவே, அனுப்புநர் என்ற இடத்தில் எழுதப்பட்ட பெயர் மெய்தானா என்று சோதிக்கும் வழி அதில் இல்லை. அஞ்சல் உறையின் பின்புறத்தில் எவர் பெயரையும் எழுதலாம் என்பது போன்றதே இது. பிற்காலத்தில் பல காப்புகள் சேர்க்கப்பட்டன. எனினும் அந்தப் பழைய ஓட்டை முற்றும் அடைபட்டதாகக் கூற இயலாது. 1990களின் நடுவில், அமெரிக்கா ஆன்லைன் என்னும் நிறுவனத்தின் ஊழியர்கள் போல் நடித்துச் சிலர் வாடிக்கையாளர்களிடம் கடவுச்சொல் கேட்டுப் பெற்றனர். ‘ஃபிஷிங்’ என்னும் சொல் அக்காலத்தில்தான் வழக்குக்கு வந்தது. 2001 முதல் பணப் பரிமாற்ற நிறுவனங்களும், அடுத்த சில ஆண்டுகளில் வங்கிகளும் இலக்காயின. வங்கியின் தளத்தைப் போலவே போலித் தளம் ஒன்றை அமைத்து, அதற்கு மடலால் வழிகாட்டுவது முறையாயிற்று.

இந்தியாவில் இச்செயலுக்குத் தனிச்சட்டம் இல்லாத நிலையில், 2005 மார்ச்சில் தில்லி உயர் நீதிமன்றம் நாஸ்காம் அமைப்பு தொடுத்த வழக்கில் இதைச் சட்டவிரோதம் என்று அறிவித்தது. நாஸ்காமின் பெயரால் மின்னஞ்சல் அனுப்பிப் பிறரது விவரங்களைத் திரட்டியது பற்றிய வழக்கு அது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் 2008 இல் செய்த திருத்தத்தால், கணினி வழியாக ஆள்மாறாட்டம் செய்து வஞ்சிப்போருக்கு மூன்று ஆண்டு வரை சிறையும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்க 66டி பிரிவு வழிசெய்தது. 2009 ஆகஸ்டு முதல் இணையத்தில் அட்டைப் பரிமாற்றத்துக்கு இரண்டாவது அடையாளம் ஒன்று வேண்டும் என்று ரிசர்வ் வங்கி கட்டளையிட்டது. ஓ.டி.பி. எண் நம் வாழ்வில் பரவியது இதன் பயனாகவே.

கதவுக்கு இரண்டாம் பூட்டுப் போட்டவுடன் திருடன் என்ன செய்தான்? பூட்டை உடைப்பதை விட்டுவிட்டு, வீட்டுக்காரரையே சாவி கேட்கலானான். வங்கி மேலாளர் பேசுகிறேன், உங்கள் அட்டை முடக்கப்படும், எண்ணைச் சொல்லுங்கள் என்னும் அழைப்புகள் பெருகின. அவற்றுள் பல ஜார்க்கண்டு மாநிலத்து ஜாம்தாரா மாவட்டத்திலிருந்து சென்றன என்று காவல் துறையினர் கண்டனர். அம்மாவட்டத்தின் பெயரே மோசடிக்கு மறுபெயர் போல் ஆகிவிட்டது. இதில் வருந்தத்தக்க முரண் ஒன்று உண்டு. அந்த ஜாம்தாராவைச் சேர்ந்த கர்மாடாரில்தான் ஈசுவர சந்திர வித்தியாசாகர் தம் இறுதிக் காலத்தில் பல ஆண்டுகள் வாழ்ந்தார். சந்தால் மக்களுக்குக் கல்வியும் இலவச மருத்துவமும் அளித்தார். ஓர் ஊரைச் சிலர் செயலால் பழிப்பது முறையன்று என்பதற்கு இதுவே சான்று.

2016 இல் யு.பி.ஐ. முறை தொடங்கியது. பணம் அனுப்புவது மடல் எழுதுவதைவிட எளிதாயிற்று. அதனுடன் புதிய இரைகளும் வந்தன. பழைய கட்டிலை விற்க விளம்பரம் செய்தவரிடம், பணம் அனுப்புகிறேன், பின் எண்ணை இட்டுப் பெற்றுக்கொள்ளுங்கள் என்பான் ஒருவன். பின் எண் இடுவது பணம் கொடுப்பதற்கே. பெறுவதற்கு அது தேவையில்லை. இந்த ஒரு விதியை மறவாதிருந்தால் பல குடும்பங்கள் தப்பியிருக்கும். திருமண அழைப்பிதழ் என்றும், போக்குவரத்து அபராதச் சீட்டு என்றும் வாட்ஸ்அப்பில் வரும் ‘ஏ.பி.கே.’ கோப்புகளும் இத்தகையவையே. அவற்றைத் திறந்து நிறுவினால், கைப்பேசிக்கு வரும் செய்திகளைப் பிறன் படிக்கும் நிலை உண்டாகலாம்.

அண்மைக் காலத்து வேடம் ‘டிஜிட்டல் கைது’ என்பது. உங்கள் பெயரில் வந்த பார்சலில் போதைப்பொருள் இருக்கிறது என்று அழைப்பு வரும். சீருடை அணிந்தவன் காணொளியில் தோன்றுவான். பின்னால் காவல் நிலையம் போன்ற காட்சி இருக்கும். அறையை விட்டு வெளியேறக் கூடாது. மனைவியிடமும் மக்களிடமும் கூறக் கூடாது. சோதனைக்காகச் சேமிப்பு முழுவதையும் ஒரு கணக்குக்கு மாற்ற வேண்டும் என்பான். 1971 இல் கேட்ட அதே பெயர், அதே அவசரம், அதே இரகசியம்! நாட்டுப்பற்று இருந்த இடத்தில் அச்சம் அமர்ந்திருக்கிறது, அவ்வளவே வேறுபாடு. 2024 அக்டோபர் 27 அன்று பிரதமர் தமது வானொலி உரையில், இத்தகைய கைது சட்டத்தில் இல்லை என்று விளக்கி, நின்று, சிந்தித்து, பிறகு செயல்படுமாறு மக்களைக் கேட்டுக்கொண்டார். 2025 இல் உச்ச நீதிமன்றமும் இம்மோசடிகளைத் தானாக முன்வந்து விசாரணைக்கு எடுத்துக்கொண்டது.

பிற மாநிலங்களில் வாழும் தமிழர்கள் இவ்வரலாற்றைத் தனிக் கவனத்துடன் அறிய வேண்டிய காரணம் உண்டு. தாராவியிலோ கரோல் பாகிலோ வாழும் நம்மவர் ஒருவருக்கு, அலுவலக இந்தியில் அதட்டலாக ஓர் அழைப்பு வரும்போது, பாதி புரிந்தும் பாதி புரியாமலும் மனம் கலங்குகிறது. புரியாத பகுதியை அச்சம் நிரப்பிவிடுகிறது. மொழி தெரியாதது குற்றம் போலத் தோன்றி, மறுத்துப் பேசும் துணிவு குறைகிறது. மற்றொரு பக்கம், அயலூரில் தமிழ்க் குரல் கேட்டவுடன் நம்ம ஊர்க்காரர் என்று நெஞ்சம் இளகிவிடுகிறது. அந்தப் பாசத்தையும் இரையாக்குவோர் உண்டு. மேலும், ஊரில் தனித்திருக்கும் முதிய பெற்றோருக்கு, வெளியூரில் உள்ள உங்கள் மகன் விபத்தில் சிக்கினான் என்று பொய்யழைப்பு விடுப்பது எளிது. தொலைவே வஞ்சகனுக்குத் துணையாகிறது. ஆதலால், பெற்றோரும் பிள்ளைகளும் தங்களுக்குள் ஒரு குறிச்சொல்லை முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்வது நலம். அவசரம் என்று எவர் அழைத்தாலும் அச்சொல்லைக் கேட்கலாம். ஆனால் அச்சொல் பிறர் சொல்லி வந்ததாக இருத்தல் கூடாது. தில்லியில் நடந்ததை மறத்தலாகாது. புரியாத மொழியில் அதட்டல் வந்தால், தமிழில் எழுதி அனுப்புங்கள், பிறகு பார்க்கிறேன் என்று கூறி அழைப்பைத் துண்டிக்க எவருக்கும் உரிமை உண்டு.

அடையாளம் காணும் வழிகளில் சிலவற்றை இங்கே தொகுத்துக் கூறுவது பயன் தரும். இணைய முகவரியில் வங்கியின் பெயர் எங்கேனும் இருப்பது போதாது. இரட்டைச் சாய்கோட்டுக்குப் பின் வரும் முதல் ஒற்றைச் சாய்கோட்டை நோக்குக. அதற்கு முன்னுள்ள இறுதிப் பகுதியே தளம் யாருடையது என்பதைக் காட்டும். இந்திய வங்கிகள் ‘பேங்க் டாட் இன்’ என முடியும் முகவரிக்கு 2025 அக்டோபர் இறுதிக்குள் மாற வேண்டும் என்று ரிசர்வ் வங்கி பணித்தது இதன் பொருட்டே. பூட்டுப் படம் தெரிவதால் தளத்துக்கு உரியவர் நல்லவர் என்று கொள்ளலாகாது. வழியில் எவரும் ஒட்டுப் பார்க்க முடியாது என்பதே அதன் பொருள். வங்கியின் உதவி எண்ணை இணையத் தேடலில் எடுக்காமல், அட்டையின் பின்புறத்திலோ கணக்குப் புத்தகத்திலோ அச்சிட்டதைப் பார்த்து அழைப்பது நன்று.

இவ்வளவு காப்புக்குப் பிறகும் பணம் போய்விட்டால் நேரத்தை வீணாக்கலாகாது. 1930 என்னும் எண்ணை எந்த மாநிலத்திலிருந்தும் அழைக்கலாம். சைபர்கிரைம் டாட் கவ் டாட் இன் என்னும் அரசுத் தளத்திலும் புகார் செய்யலாம். திருடிய பணம் ஒரு கணக்கிலிருந்து மற்றொன்றுக்கு விரைந்து செல்லும். அது வெளியேறுமுன் தடுப்பதற்கு ஒவ்வொரு நிமிடமும் வேண்டும். வங்கிக்கும் அப்போதே தெரிவித்தல் அவசியம். வாடிக்கையாளர் தவறின்றி வெளியாரால் நேர்ந்த இழப்பை மூன்று வேலை நாட்களுக்குள் அறிவித்தால் அவர்மேல் பொறுப்பில்லை என்று ரிசர்வ் வங்கி 2017 இல் விதித்தது. தாமே கடவுச்சொல்லைக் கொடுத்திருந்தால், அறிவிக்கும் வரையிலான இழப்பு அவரையே சாரும் என்றும் அவ்விதி கூறிற்று. ஆகவே, விரைந்து அறிவிப்பது எவ்வகையிலும் இலாபமே.

இவ்வரலாற்றில் ஒன்றை மட்டும் இறுதியாகச் சொல்ல வேண்டும். ஸ்பெயின் சிறைவாசியின் மடலுக்கு இரையானவர்கள் வெட்கத்தால் வாய்திறக்கவில்லை. அதனால் அந்த மடல் ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஊர் ஊராக உலவிற்று. இன்றும் பலர், படித்தும் ஏமாந்தாயே என்னும் ஏச்சுக்கு அஞ்சிப் பிள்ளைகளிடம்கூட மறைக்கின்றனர். அந்த மௌனமே அடுத்த வீட்டுக்காரரையும் வஞ்சகனிடம் ஒப்படைக்கிறது. நம் வீட்டில் ஒருவர், எனக்கு இப்படி ஓர் அழைப்பு வந்தது என்று தயக்கத்துடன் தொடங்கும்போது, அவரைக் கடிந்துகொள்ளாமல் அமர்ந்து முழுவதும் கேட்போமாக. பணம் கைமாறுவதற்கு முன்னரே அவர் நம்மிடம் பேசும் நாளும் அதனால் வரக்கூடும்.